எப்ப நிக்கும்னு கேட்டா என்ன சொல்ல?

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கிற லேபுக்குச் சளி வரும், சிறுநீர் வரும், ரத்தம் வரும், புண்ணிலிருந்து எடுத்த சீழ் வரும். கைக்குழந்தையின் மலம் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, வருவது அபூர்வம். இத்தனைக்கும் ஐந்து வயதுக்குள் ஒருதடவையாவது வயிற்றால் போகாத பிள்ளை எந்தத் தெருவிலும் கிடையாது. எல்லாருக்கும் வருகிறது என்பதாலேயே அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வருகிற ஒன்றிரண்டும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய பாட்டில் தீர்ந்து, பக்கத்து கிளினிக்கில் எழுதிய இன்னொரு பாட்டிலும் பாதியாகி, அப்புறமும் நிற்காமல், ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவோமா என்று வீட்டில் பேச்சு நடக்கிற சமயத்தில்தான் வரும். மருந்துக்குச் செத்தது போக மிஞ்சியதுதான் என் தட்டில் வளரும்.

அப்படி வந்தாலும் எங்களைப் போன்ற லேபால் சொல்ல முடிவது கொஞ்சம்தான். ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்தது என்று நான் ரிப்போர்ட்டில் எழுதினால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அது எல்லார் குடலிலும் இருக்கிறது. தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் அதை விவரித்ததே நல்லாயிருந்த பச்சைக் குழந்தைகளின் மலத்தையும் பார்த்துத்தான். அதே ஈ.கோலையில் சில வகைகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குடலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது ஒன்று, நச்சைச் சுரந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது ஒன்று, சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது ஒன்று. கிருமி வளர்க்கிற மெக்கான்கி அகார் கூழில் வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே இளஞ்சிவப்புதான். பிரித்துச் சொல்ல பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை வேண்டும். ஷிகெல்லா என்ற கிருமியோ அந்தத் தட்டில் நிறமில்லாமல் தெரியும். பத்திலிருந்து நூறு கிருமி உள்ளே போனாலே போதும், சீதபேதி வந்துவிடும். ஒரு அழுக்கு விரல் நுனியே அதற்கு அதிகம்.

தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மருந்து கேக்கல’ என்று ஊரே சொல்கிற விஷயத்தைக் கண்ணால் பார்க்கிற இடம் அதுதான். மியூலர்-ஹின்டன் அகார் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதன்மேல் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, தட்டைத் திருப்பித் தேய்த்து, இன்னொருதரம் திருப்பித் தேய்த்து, மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம். மருந்தின் சுருக்கெழுத்தும் அளவும் அதில் அச்சாகியிருக்கும். ராத்திரி முழுக்க 35 டிகிரியில் இருந்துவிட்டுக் காலையில் திறந்தால், தட்டு முழுக்கக் கிருமி நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக முளைத்திருக்கும். மருந்து கேட்கிற வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறுமை. அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து எஸ் அல்லது ஆர் என்று போடுவதுதான் என் வேலை. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது.

ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றி வட்டம் இருக்கும் என்று நான் இப்போதெல்லாம் எதிர்பார்ப்பதே இல்லை. நாலிடிக்சிக் அமிலத்தைக் கேட்கவே வேண்டாம், காகிதத்தின் விளிம்புவரை கிருமி வந்து முட்டிக்கொண்டு நிற்கும். செஃப்டசிடிம் வில்லை ஒன்று, அதோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வில்லை ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவதின் வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் இ.எஸ்.பி.எல். என்று எழுதுவோம். மருந்தையே வெட்டிப்போடும் நொதியைக் கிருமி தயாரிக்கிறது, கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியைத் தடுக்கிறது என்று பொருள். வாயில் இன்னும் பல் முளைக்காத பிள்ளையின் பெயருக்கு நேராக அதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வரும். யார்மேல் என்று சொல்லத் தெரியாது.

பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, நீ லேபுலதான இருக்க. பேரனுக்கு நேத்து சாயங்காலத்துல இருந்து தண்ணியாப் பீச்சுது. ஒரு பவர் மருந்தாப் பாத்துச் சொல்லேன்.”

“ரத்தம் கித்தம் போகுதா ஆச்சி? சளி மாதிரி?”

“அதெல்லாம் இல்லட்டி. வெறும் தண்ணிதான். பல்லு மொளைக்கப் போகுதுல்லா, அதான்.”

“அப்ப ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அதக் குடுத்தா நிக்குமா?”

நான் நிற்கும் என்று சொல்லவில்லை, நிற்காது என்றும் சொல்லவில்லை. பஸ் வருகிறது என்று சொன்னேன். ஆச்சி விடவில்லை. “இவ அம்மைக்காரி துணிய அலசவா, பீடியச் சுத்தவா? நாளைக்குக் கடையில ஒப்படைக்கணும். ஒருநாள் பிந்துனா அந்தப் பேதியில போவான் அடுத்த இலை தரமாட்டான்.”

பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் ஏன் கொடுக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தால் படித்தவர்கள் உடனே ‘அறியாமை’ என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆச்சி கேட்டது மிகச் சரியான கேள்வி. அவள் வீட்டில் பிரச்சினை என்னவென்றால் போகிறது நிற்க வேண்டும், இன்று ராத்திரிக்குள் நிற்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். அதைச் செய்யாது. அது போன தண்ணீரையும் உப்பையும் உள்ளே திரும்பச் சேர்க்கும், பிள்ளை சாகாமல் பார்த்துக்கொள்ளும். போவது போய்க்கொண்டுதான் இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் நீட்டினால், மறுநாள் காலையில் அந்தத் தாய் ‘உப்புத்தண்ணி கேக்கல’ என்று முடிவுகட்டி மெடிக்கலில் போய் நிற்பாள். நிற்காமல் என்ன செய்வாள்?

ஓ.ஆர்.எஸ். உயிரைக் காப்பாற்றும் என்பது வெறும் பேச்சில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் எல்லையில் அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்போல இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகிற ஒரு வழி இருக்கிறது. காலராவின் நச்சு எவ்வளவு தண்ணீரை வெளியே இறைத்தாலும் அந்த வழி அடைபடுவதில்லை. அவை போகும்போது தண்ணீரும் கூடவே போகும். சர்க்கரை அளவு கூடிவிட்டால் காரியம் கெட்டுவிடும், தண்ணீர் வெளியேதான் இழுக்கப்படும். அதனால்தான் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டு விற்ற ஜூஸ் டப்பாக்கள் மேல் குழந்தை மருத்துவர்களுக்கு அத்தனை எரிச்சல். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

பாட்டில் மருந்துக்கு வருகிறேன். ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மஞ்சள் சிரப்பைக் கொடுத்தால் மூன்றாம் நாள் நின்றுவிடுகிறது என்று தெருவில் சத்தியம் பண்ணுவார்கள். நிற்கத்தான் செய்யும். தண்ணீராகப் போகிற வயிற்றுப்போக்கு பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். இரண்டாம் நாள் பாட்டிலை வாங்கினால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ குறைவது பாட்டிலின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதிலும் சிறு பிள்ளைகளுக்கு வருகிறதில் கணிசமான பங்கு வைரஸ். கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், கடுமையான வயிற்றுப்போக்குக்கு முன்வரிசைக் காரணங்களாக வந்தவை ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, நச்சு சுரக்கும் ஈ.கோலை, ஷிகெல்லா. முதல் இரண்டுக்கும் இந்தச் சிரப்பில் ஒரு வேலையும் இல்லை. ரோட்டாவுக்கு இப்போது அரசாங்கமே ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் சொட்டு மருந்து கொடுக்கிறது.

இதையும் ஒருவர் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. உடம்பில் நீர் வற்றிய, ரத்தம் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் உயிர்ச்சேதம் குறையுமா என்று இந்தியா உட்பட ஏழு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. இறப்பு குறையவில்லை.

சரி, கொடுத்தால் நஷ்டம் என்ன, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. ‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு’ என்று நம் ஊரில் சொல்வார்கள். பழகுவது உடம்பு இல்லை. பிள்ளையின் குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கிற, ஒரு தப்பும் செய்யாத ஈ.கோலைகளில் மருந்து கேட்கிறவை செத்து, கேட்காதவை மட்டும் பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவை நோய் உண்டாக்குவதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதும் இல்லை. ஆனால் அந்த எதிர்ப்புத்தன்மை பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன வளைய டி.என்.ஏ. துண்டில் இருக்கிறது. கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று அந்தத் துண்டின் நகலைக் கைமாற்றும். ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இதை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது வயிற்றுப்போக்கிலிருந்துதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஷிகெல்லா சீதபேதி பெருவாரியாக இருந்தது. சல்ஃபா மருந்து கொடுத்தார்கள், கொஞ்ச வருஷத்தில் கேட்காமல் போனது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால். 1950களின் நடுவில் இந்த நான்குக்கும் ஒருசேர அசையாத ஷிகெல்லா வர ஆரம்பித்தது. ஒரே நோயாளியின் மலத்தில் எல்லா மருந்தும் கேட்கிற ஷிகெல்லாவும் ஒன்றுமே கேட்காத ஷிகெல்லாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தன. ஒவ்வொரு மருந்துக்காகவும் தனித்தனியாக மாறியிருந்தால் இப்படி நடக்க வழியில்லை. 1959இல் ஓச்சியாயும் அகிபாவும், எதிர்ப்புள்ள கிருமியையும் எதிர்ப்பில்லாத கிருமியையும் சேர்த்து வளர்த்தாலே ஷிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையே நான்கு எதிர்ப்பும் மொத்தமாக இடம் மாறுவதைக் காட்டினார்கள். ஆக, தேவையில்லாமல் குடித்த ஒரு பாட்டில், இன்னும் வந்தே சேராத ஷிகெல்லாவுக்கான ஆயுதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கிறது.

அந்தக் கதை இங்கேயும் அப்படியே ஓடியது, பெயர்கள்தான் வேறு. ஒரு காலத்தில் கோட்ரைமாக்சசோல். அப்புறம் நாலிடிக்சிக் அமிலம், ஃப்யூராசோலிடோன். பெரியவர்கள் நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல் மாத்திரையைத் தூதுவளை மிட்டாய் வாங்குவதுபோல வாங்கி விழுங்கிய காலமும் உண்டு. 2005இல் உலக சுகாதார நிறுவனம் நாலிடிக்சிக் அமிலத்தை விட்டுவிட்டு, சீதபேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசினைக் கொடுங்கள் என்றது. 2017இல் அதே நிறுவனம் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியல் போட்டபோது, சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்துக்கே கட்டுப்படாத ஷிகெல்லா அதில் இருந்தது. 2024 பட்டியலிலும் இருக்கிறது. மிஞ்சியிருப்பது அசித்ரோமைசின், செஃப்ட்ரியாக்ஸோன் என்று விரல் விட்டு எண்ணலாம்.

செஃப்ட்ரியாக்ஸோன் வாய்வழி மருந்து கிடையாது, ஊசி. ரத்தபேதியோடு வருகிற பிள்ளைக்கு என் தட்டில் சிப்ரோஃப்ளாக்சசினும் அசித்ரோமைசினும் ஆர் என்றும் செஃப்ட்ரியாக்ஸோன் எஸ் என்றும் வந்தால், வீட்டில் வைத்து மாத்திரை கரைத்துக் கொடுக்க வேண்டியது வார்டில் படுத்து ஊசி போட வேண்டியதாக மாறுகிறது. பிள்ளையோடு தாயும் அங்கேயே இருக்க வேண்டும். மூன்று நாளோ ஐந்து நாளோ, பீடி கிடையாது, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் கிடையாது. ஒருநாள் கூலி போகக் கூடாது என்று வாங்கிய பாட்டில்களின் வட்டி இப்படித்தான் வசூலாகிறது. வாங்கினவள் வீட்டிலேயே வசூலாகும் என்றும் இல்லை, அடுத்த தெருவில் ஆகும்.

கிருமி அடுத்த தெருவுக்குப் போகக் கையும் தண்ணீரும்தான் பாதை. தாமிரபரணி பொதிகையிலிருந்து புன்னைக்காயல் போகிறவரை 128 கிலோமீட்டர், வழியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் அதுதான் குடிநீர், தூத்துக்குடி வரைக்கும் உறைகிணறு போட்டு எடுக்கிறார்கள். அதே ஆற்றில் நம் சாக்கடையும் கலக்கிறது. குறுக்குத்துறையில் குளிக்கிற எல்லாருக்கும் இது தெரியும், மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கும் நடந்தாயிற்று. 2010இல் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி வந்த கட்டுரையில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனெம் என்ற கடைசிக்கட்ட மருந்துகளையும் அது உடைத்துவிடும். என்.டி. என்றால் நியூ டெல்லி, பெயரில் டெல்லி வந்துவிட்டது என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. அடுத்த வருஷம் டெல்லியில் தெருவில் தேங்கிய கசிவுநீர் 171 மாதிரியில் 51இலும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரியில் 2இலும் அந்த நொதிக்கான மரபணு கிடைத்தது. சுமந்த கிருமிகளில் ஷிகெல்லாவும் காலராக் கிருமியும் இருந்தன. பெயரைப் பற்றிச் சண்டை போட்ட அளவுக்குச் சாக்கடையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு நல்ல செய்தி, குளோரின். எத்தனை மருந்துக்கு அசையாத ஈ.கோலையாக இருந்தாலும் குளோரினில் சாகும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வாரத்துக்கு அப்புறம், எங்கள் தெருவில் குளோரின் பார்க்கிற குளோரோஸ்கோப் டியூபைத் தூக்கிப் பிடித்து மஞ்சள் நிறம் வருகிறதா என்று ஒருவர் வீடு வீடாகப் பார்த்தார். தண்ணீர் வடிந்ததும் அவரும் வரவில்லை. அந்த டியூபுக்கு ஆகிற செலவு ஒரு சிரப் பாட்டிலைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மெடிக்கல் அண்ணனிடமும் பேசிப் பார்த்தேன். “சீட்டு இல்லாம ஏண்ணே குடுக்கீங்க?” என்றால், “நான் குடுக்கலேன்னா அடுத்த கடையில குடுப்பான், நீ அங்க போய்க் கேளு” என்கிறார். 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. செஃபிக்சிம் போன்றவற்றை விற்றால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கையும் அடித்திருக்கும். சட்டம் சரிதான். ஆனால் டாக்டரே எழுதினால் சட்டம் என்ன செய்யும்? கை நிறைய ஃபீஸ் வாங்கிக்கொண்டு உப்புப் பாக்கெட்டை மட்டும் எழுதி அனுப்பினால் அடுத்த தடவை இந்தப் படி ஏறமாட்டார்கள் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது.

இந்த இடத்தில் துத்தநாக மாத்திரையை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை. ஜிங்க் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 10, பதினான்கு நாள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ போட்டால் கரையும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கின் நாட்களை அது குறைக்கும், தாய் கேட்கிற கேள்விக்குப் பக்கத்திலாவது வருகிற மருந்து அதுதான். கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சும்மாவே கிடைக்கும். ஒரு மருந்து எழுதினேன் என்ற திருப்தி டாக்டருக்கு, மருந்து கிடைத்தது என்ற திருப்தி வீட்டுக்கு. ஆனால் மூன்றாம் நாள் நின்றதும் பாதி வீட்டில் அதை நிறுத்திவிடுகிறார்கள். முழுசாகக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பாதியில் விடுவதும் கொடுக்கவே கூடாத மருந்தைத் தேடி வாங்குவதும் ஒரே வீட்டில் நடக்கும்.

வருஷா வருஷம் நடக்கிற வயிற்றுப்போக்கு தடுப்பு முகாமில் கொடுக்கிற நோட்டீஸைப் பார்த்தேன். கை கழுவுவது எப்படி என்று படம் இருக்கிறது, பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கொட்ட வேண்டும் என்று இருக்கிறது. ‘இதைக் குடித்தாலும் போவது உடனே நிற்காது’ என்ற வரி நான் பார்த்த நோட்டீஸில் இல்லை. அதைத்தான் முதல் வரியாகப் போட வேண்டும்.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களிடம் பஸ் வருகிறது என்று சொல்வதில்லை. “இன்னைக்கு நிக்காது, நாளைக்கும் நிக்காது. ரெண்டு நாள் நல்லாப் போகும், அப்புறம் குறையும், ஒரு வாரம்கூட இழுக்கும். ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் சின்ன டம்ளர்ல அரை டம்ளர், ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி. கலக்குன தண்ணிய மறுநாளைக்கு வைக்காதீங்க. ரத்தம் கண்டாலோ, கண்ணு உள்ள போனாலோ, அழுதா கண்ணீர் வராம இருந்தாலோ, ஒண்ணுக்கே போகாம சொணங்கிக் கெடந்தாலோ என்னைக் கேட்டுட்டு நிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.” ரத்தம் போனால் இன்னொன்றும் சொல்வேன்: டாக்டர் கல்ச்சர் எழுதினால் மருந்தின் முதல் வேளைக்கு முன்னாலேயே மலத்தை எடுத்துச் சீக்கிரம் லேபில் சேர்த்துவிடுங்கள், ஷிகெல்லா வெளியே ரொம்ப நேரம் உயிரோடு இருக்காது.

ஆச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது: “ஒரு வாரம் இழுக்கும்னு மொதல்லயே சொல்லிருந்தா இவ இந்த வாரம் இலையே வாங்கிருக்க மாட்டாளேட்டி.”